நல்ல சீட்டு வந்தவன் செய்யவேண்டியது

நல்ல சீட்டு வந்தால் வெற்றி, கெட்ட சீட்டு வந்தால் தோல்வி என்பதே சீட்டாட்டத்தைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம். ஆட்ட மேசையை ஊன்றிக் கவனிப்பவர்களோ வேறொன்றைக் காண்பார்கள். கெட்ட சீட்டு வந்தவன் அதனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாவகாசமாகத் தேநீர் அருந்துகின்றான். அவன் இழந்தது சொற்பம். கைப்பொருள் முழுவதையும் ஒரே ஆட்டத்தில் இழந்து எழுந்து செல்பவனோ பெரும்பாலும் நல்ல சீட்டு வந்தவனே. இது ஏன் என்பதனை இவ்வாரம் கணக்கின் துணைகொண்டு ஆராய்வோம்.

உயர்தர வகுப்பு மாணவர் சிலர் எம்மிடம் இக்கேள்வியை விடுத்தனர். அமெரிக்காவில் நடைபெறும் போக்கர் சுற்றுப்போட்டிகளைத் திரையிற் பார்த்த அவர்களுக்கு ஓர் ஐயம். "கிடைக்கக்கூடியவற்றுள் தலைசிறந்த சீட்டு கையில் இருக்கும்போது ஏன் சிலர் அடக்கமாக ஆடுகின்றனர்? உள்ளதனைத்தையும் முதல் மணித்தியாலத்திலேயே வைத்துவிட்டால் என்ன?" என்று அவர்கள் வினவினர். நல்ல வினா. ஆயின் விடை கூறுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சூதாட்டத்தை நாம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. சூதின் கேட்டினை உணர்த்த வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பாண்டவர் கதையை அறியாத பிள்ளை எமது வீடுகளில் இல்லை. எனினும், நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவே சூதாட்ட மேசையிலிருந்து பிறந்ததுதான். 1654 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டறிஞர் பஸ்காலும் பெர்மாவும் கடிதங்கள் வாயிலாக ஆராய்ந்தது, இடையில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணயத்தை ஆடியவர்களுக்கிடையே எவ்வாறு நீதியாகப் பங்கிடுவது என்பதையே. சேற்றில் முளைத்ததென்று தாமரையை எவரும் வெறுப்பதில்லை.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். எமது வீடுகளில் முந்நூற்று நான்கு ஆடாதவர் குறைவு. அதில் 32 சீட்டுகள், ஜாக்தான் தலைச்சீட்டு, ஒருவருக்கு முதலில் நான்கு சீட்டுகள் கிடைக்கும், அந்நான்கையும் பார்த்துத்தான் கேட்க வேண்டும், பின்னர்தான் மற்றைய நான்கும் வந்து சேரும். முதல் நான்கில் இரண்டு ஜாக்கைக் கண்ட மகிழ்ச்சியில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டு, பின் வந்த நான்கைப் பார்த்து வாடிய முகங்களை வாசகர்கள் கண்டிருப்பார்கள். போக்கர் ஆட்டத்தின் மிகப் பிரபலமான வகையும் இவ்வாறே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஆடப்படுவது. அதில் 52 சீட்டுகளும் உண்டு, ஏஸ்தான் தலைச்சீட்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் மேசை நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று ஒருமிக்க, அடுத்து ஒன்று, இறுதியாக ஒன்று. தன் இரண்டும் பொதுவான ஐந்தும் சேர்ந்த ஏழினுள் மிகச் சிறந்த ஐந்தைக் கொண்டு ஒவ்வொருவரும் போட்டியிடுவர். ஒவ்வொரு கட்டத்திலும் பணயம் வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

ஐந்து சீட்டுகளின் தகுதி வரிசையில், ஒன்றுமில்லாததற்கு அடுத்த படி ஒரு சோடி. அதனை வெல்வது இரு சோடி. அதனை வெல்வது ஒரே இலக்கச் சீட்டு மூன்று. அதன்மேல் தொடர்வரிசை, ஒரே குறியுடைய ஐந்து, மூன்றும் இரண்டும் சேர்ந்த முழுவீடு, ஒரே இலக்கச் சீட்டு நான்கு, ஒரே குறியில் அமைந்த தொடர்வரிசை எனப் படிகள் உயர்ந்து செல்லும். இவ்வரிசையை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்று நாம் சொல்லப்போவதன் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

மறைவான இரண்டு சீட்டுகளும் ஏஸாக வருவதுதான் தொடக்கத்தில் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பேறு. அது வருவதற்குரிய நிகழ்தகவை எளிதிற் கணிக்கலாம். முதற் சீட்டு ஏஸாவதற்கு 52 இல் 4. இரண்டாவதும் ஏஸாவதற்கு 51 இல் 3. பெருக்கினால் 221 இல் 1. இரண்டு இராசா, இரண்டு இராணி ஆகியவற்றுக்கும் இதே அளவுதான். ஆகவே, இம்மூன்று உயர்சோடிகளுள் ஏதேனும் ஒன்று ஏறத்தாழ 74 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும்.

லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறும் போக்கர் உலகத் தொடரை எடுத்துக்கொள்வோம். 1970 இல் பெனி பினியன் என்பவர் தமது ஹோர்சூ கசினோவில் ஒரு சில ஆட்டக்காரரை அழைத்துத் தொடங்கியது இது. 1972 முதல் இதன் பிரதான போட்டிக்கு நுழைவுத்தொகை 10,000 டொலர். 2003 இல் 839 பேர் கலந்துகொண்டனர். கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரரல்லாத ஒருவர் 25 இலட்சம் டொலரைப் பெற்ற செய்தி பரவியதும் கூட்டம் பெருகிற்று. 2006 இல் 8,773 பேர்; 2023 இல் 10,043 பேர். 2023 இல் ஒவ்வொருவருக்கும் 60,000 மதிப்புள்ள வில்லைகள் கொடுக்கப்பட்டன. இவ்வில்லைகள் காசல்ல, அவை முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. மீண்டும் பணம் கட்டி உள்ளே வர இப்போட்டியில் இடமில்லை.

ஒரு மேசையில் ஒன்பதுபேர் அமர்ந்து, மனிதர் கையாற் சீட்டுக் கலைத்து ஆடும் ஆட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்கள் நடைபெறும். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் எனின் 300 ஆட்டங்கள். அவற்றில் இரண்டு ஏஸ் ஒருமுறையோ இருமுறையோ வரலாம். நாள் முழுவதும் ஒருமுறையேனும் வராதிருப்பதற்கும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பகல் முழுவதும் காத்திருந்து கண்ட அந்த இரண்டு ஏஸையும் பார்த்தவன் உள்ளம் துள்ளுவது இயல்பே. "இனி இதனை விடுவதில்லை" என்று அவன் உறுதி பூணுகின்றான். இடர் தொடங்குவது அவ்விடத்தில்தான்.

இரண்டு ஏஸ் எவ்வளவு வலியது? எதிரில் ஒருவன் மட்டும் ஏதோ இரண்டு சீட்டுடன் இறுதிவரை வந்தால், ஏஸ் வெல்வது நூற்றுக்கு 85 முறை. எதிரிகள் மூவராயின் அது 64 ஆகக் குறையும். ஐவராயின் 49. எண்மரும் கவிழ்க்காமல் இறுதிவரை வந்தாரெனின் 35 மட்டுமே. சீட்டு அதே சீட்டுத்தான். கூட்டம் பெருகப் பெருக அதன் வலிமை தேய்கின்றது. ஒவ்வொருவனையும் தனித்தனியே வெல்லும் ஆற்றலுடையவன் எல்லாரையும் ஒருங்கே வெல்லும் ஆற்றலுடையவன் அல்லன்.

இதிலிருந்து முதற்பாடம் தானே பிறக்கின்றது. உயர்சோடி வந்தவன் பொதுச் சீட்டுகள் திறக்குமுன்னரே பணயத்தை உயர்த்த வேண்டும். சிலர் தந்திரம் செய்வதாக எண்ணி, ஏஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாதவர்போல் குறைந்த தொகையை மட்டும் வைத்துப் பதுங்குவர். மேசையிலுள்ளோர் அனைவரும் மலிவு விலையில் உள்ளே நுழைந்துவிடுவர். கண்டபடி நுழைந்தவர்களுள் எவனுக்கு எது பொருந்திற்று என்பதனைப் பின்னர் எவரால் அறிய முடியும்? நேரில் ஆடும் போட்டிகளில், முக்கியமாக முதல் நாளில், சிறு தொகையைக் கண்டு விலகுவோர் குறைவு. நெடுந்தொலைவு பயணஞ்செய்து வந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புவதில்லை. ஆதலின், கட்டாயப் பெரும்பணயத்தின் மூன்று அல்லது நான்கு மடங்காகத் தொகையை உயர்த்தி, எதிரில் ஒருவரையோ இருவரையோ மட்டும் நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

இனி இரண்டாவது பாடம். இதனைத்தான் பலரும் கற்பதில்லை. பொதுச் சீட்டுகள் திறக்கப்பட்டபின், அவை உதவாவிடின், இரண்டு ஏஸ் என்பது வெறும் ஒரு சோடி. தகுதி வரிசையில் அதன் இடம் கீழிருந்து இரண்டாவது படி. தொடக்கத்தில் அது தலைச்சீட்டாயிருந்தது என்பதற்காக முடிவிலும் அவ்வாறே இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

எதிரில் ஒருவன் இரண்டு ஏழை வைத்திருக்கின்றான் என்று கொள்வோம். முதல் மூன்று பொதுச் சீட்டுகளுள் மூன்றாவது ஏழு ஒன்று வருவதற்கு ஏறத்தாழ எட்டரைக்கு ஒன்று வாய்ப்பு. அவன் செய்யும் கணக்கு இது: உயர்த்தப்பட்ட பணயத்தை ஈடு செய்ய 600 வில்லை செலவு; ஏழு வராவிடின் விலகிவிடுவான்; வந்தால், ஏஸைக் கைவிட மனமில்லாத ஒருவனிடமிருந்து 60,000 முழுவதையும் பறிக்கலாம். எட்டரைக்கு ஒன்று என்னும் வாய்ப்புக்கு நூறு மடங்கு ஆதாயம்! ஆட்டத்தின் பிற்பகுதியில், வில்லைகள் சுருங்கி, கட்டாயப் பணயங்கள் ஏறியபின் இக்கணக்கு அவனுக்கு உதவாது. அப்போது 600 செலவு பல்லாயிரமாகிவிடும், பறிக்கக்கூடியதோ அதன் சில மடங்கே. 2023 போட்டியின் தொடக்கத்தில் கட்டாயப் பணயங்கள் 100 உம் 200 உம். கையிலிருந்ததோ பெரிய பணயத்தின் 300 மடங்கு. ஆழமான நீரில் சிறு மீனுக்கும் இடமுண்டு. இவ்வாறு, உயர்சோடிக்கு மிகுந்த ஆபத்தான வேளை போட்டியின் தொடக்கவேளைதான்.

ஒரு மாதிரி ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கையில் இரண்டு ஏஸ். 600 ஆக உயர்த்துகின்றோம். ஒருவரும், பெரிய கட்டாயப் பணயம் வைத்தவருமாக இருவர் ஈடு செய்கின்றனர். சிறிய கட்டாயப் பணயமும் சேர நடுக்குவியலில் 1,900. பொதுச் சீட்டுகள் இராசா, ஏழு, இரண்டு, குறிகள் வெவ்வேறு. நாம் 1,000 வைக்கின்றோம், ஒருவர் தொடர்கின்றார், குவியல் 3,900. நான்காம் சீட்டின்பின் 2,500, அவர் மீண்டும் தொடர்கின்றார், குவியல் 8,900. ஐந்தாம் சீட்டின்பின் 5,000. அவரிடம் இராசாச் சோடி இருப்பின் எமக்கு நல்ல வரவு. அவர் முன்னரே மூன்று ஏழு சேர்த்திருப்பின் எமது இழப்பு மொத்தம் 9,100. அஃதாவது உள்ளதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கையில் 50,900 மிஞ்சுகின்றது, ஆட்டம் தொடர்கின்றது. ஒரு சோடியைக் கொண்டு சேர்க்கத்தக்க குவியல் இவ்வளவே.

நாம் 2,500 வைத்த இடத்தில் அம்மனிதர் தம் 60,000 வில்லைகளுள் எஞ்சிய யாவற்றையும் நடுவே தள்ளுகின்றார் எனின், அங்கு நிதானிக்க வேண்டும். "என் சீட்டு எவ்வளவு நல்லது!" என்று வியப்பது அங்கு பயன் தராது. "இத்துணைப் பெரும்பொருளை இந்நேரத்தில், இம்மனிதர், எச்சீட்டைக் கொண்டு வைப்பார்?" என்பதே கேட்கத்தக்க வினா. பல மணித்தியாலம் வாளாவிருந்த ஒருவர் போட்டியின் தொடக்கத்தில், 3,900 பெறுமதியான குவியலுக்காக அதன் பதினைந்து மடங்கை வைக்கின்றார் என்றால், பெரும்பாலும் அவர் கையில் ஒரு சோடி இராது. பலகை ஒன்பது, எட்டு, ஆறு என அடுத்தடுத்த சீட்டுகளாகவும், அவற்றுள் இரண்டு ஒரே குறியாகவும் அமைந்திருப்பின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும்.

ஏஸுக்கே இந்நிலை எனின், மற்றைய உயர்சோடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ? இரண்டு இராசா வைத்திருப்பவனுக்கு, முதல் மூன்று பொதுச் சீட்டுகளுள் ஓர் ஏஸாவது தோன்றுவதற்கு நூற்றுக்கு 23 அளவு வாய்ப்பு. இரண்டு இராணி வைத்திருப்பவனுக்கு, தன்னினும் பெரிய சீட்டு ஒன்றாவது தோன்றுவதற்கு 41. இரண்டு ஜாக்குக்கு அது 57. ஒன்பதுபேர் மேசையில் ஒருவனிடம் இரண்டு இராசா இருக்கும்போது, எஞ்சிய எண்மருள் ஒருவரிடம் இரண்டு ஏஸ் இருப்பதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ 25 இல் 1. இது சிறிய எண்தான். ஆயினும், பொதுச் சீட்டு திறக்குமுன்னரே ஒருவன் உயர்த்த, நாம் மீண்டும் உயர்த்த, அவன் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் உயர்த்திக்கொண்டே போவானாயின், அந்த 25 இல் 1 என்னும் எண் அங்கேயே நிற்பதில்லை. புதிய செய்தி வந்தால் பழைய நிகழ்தகவு மாறும். இதனைக் கணித நூல்கள் நிபந்தனை நிகழ்தகவு என்று கூறும்.

இந்நிபந்தனை நிகழ்தகவுக்கு உண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. 2017 ஆம் ஆண்டின் பிரதான போட்டி. முதல் நாளின் முதற்கட்டம். வனெசா செல்ப்ஸ்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி உலகத் தொடரில் மூன்று பட்டங்கள் பெற்றவர், சட்டம் பயின்றவர், அக்காலத்தில் முன்னணியில் இருந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். அவர் கையில் இரண்டு ஏஸ். எதிரில் பிரெஞ்சு நாட்டவரான கயேல் போமான். 2012 இல் இதே போட்டியில் பத்தாம் இடம்வரை வந்தவர். அவர் கையில் இரண்டு ஏழு. பொதுச் சீட்டுகள் திறந்தன: ஏஸ், ஏழு, ஐந்து. ஒருவருக்கு மூன்று ஏஸ். மற்றவருக்கு மூன்று ஏழு. நான்காம் சீட்டு மீண்டும் ஓர் ஏழு! செல்ப்ஸ்டின் கை முழுவீடு ஆயிற்று. போமானிடமோ நான்கு ஏழு. ஒவ்வொருவரும் 50,000 வில்லைகளுடன் தொடங்கிய அப்போட்டியில், முதற்கட்டம் முடியுமுன் செல்ப்ஸ்ட் யாவற்றையும் இழந்து வெளியேறினார்.

அவர் நிலையில் நின்று எண்ணிப் பார்ப்போம். தம் இரண்டும் பலகையின் நான்கும் போக, அவர் காணாத சீட்டுகள் 46. அவற்றிலிருந்து இரண்டு சீட்டுகளை 1,035 வகையாகத் தெரிவு செய்யலாம். அவற்றுள் அவரை அந்நேரத்தில் வெல்லக்கூடியது ஒன்றே ஒன்று: எஞ்சியிருந்த இரண்டு ஏழு. 1,035 இல் 1 என்று மட்டும் கணக்கிடுபவன் உறங்கப் போகலாம். ஆனால், அத்துணை வில்லைகளைத் துணிந்து முன்வைப்பவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு இருக்குமா? இராது. இரண்டு ஐந்து எனின் அதற்கு 3 வகை; ஏஸும் ஏழும் எனின் 2 வகை; இரண்டு ஏழு எனின் 1 வகை. இவ்வாறு முழுவீடோ அதற்கு மேலோ அமையத்தக்க, நம்பத்தகுந்த சேர்க்கைகள் ஆறு மட்டுமே என்று கொண்டால், 1,035 இல் 1 என்பது ஒரு நொடியில் 6 இல் 1 ஆகிவிடுகின்றது. பூச்சியத்துக்கு அண்மையிலிருந்த ஆபத்து, பகடையின் ஒரு முகமாயிற்று!

இதனால் செல்ப்ஸ்ட் தவறிழைத்தார் என்று நாம் கூறவில்லை. ஆறில் ஐந்து தமக்குச் சாதகமாயிருந்த இடத்தில் அவர் தொடர்ந்தது சரியே. சரியாகச் செய்தும் தோற்கலாம் என்பது இவ்வாட்டம் கற்பிக்கும் இன்னொரு செய்தி. அவரிடமிருந்தது முழுவீடு என்பதையும் மறத்தலாகாது. வெறும் ஒரு சோடியைக் கொண்டு அதே துணிவைக் காட்டுபவனைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கின்றோம்.

இங்கு மாணவர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "அவ்வாறாயின், பொதுச் சீட்டு திறக்குமுன்னரே எதிரி முழுவதையும் வைத்துவிட்டால், ஏஸைக் கவிழ்ப்பதா?" கவிழ்க்கலாகாது. அந்நேரத்தில் ஏஸை முந்தும் சீட்டு எதுவுமில்லை. இரண்டு ஏழோடு மோதினால் ஏஸ் வெல்வது நூற்றுக்கு 80 முறை. இத்தகைய வாய்ப்பை மறுப்பவன் போட்டிக்கே வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், 80 என்பது 100 அன்று. இத்தகைய மோதல்கள் ஐந்தில் அடுத்தடுத்து வென்று நிலைப்பதற்குரிய வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே, தேடிப்போய் மோதுவது வேறு. வந்த மோதலை ஏற்பது வேறு. 2014 இல் பத்து இலட்சம் டொலர் நுழைவுத்தொகை கொண்ட ஒரு போட்டியில், கொனர் டிரினன், கேரி கட்ஸ் ஆகிய இருவர் கையிலும் இரண்டிரண்டு ஏஸ்! சமமாகவே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம். ஒருவர் வெல்வதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவே. பலகையில் இதயக்குறிச் சீட்டுகள் நான்கு விழுந்தன; இதயக்குறி ஏஸ் கட்ஸ் கையிலிருந்தது; டிரினன் வெளியேறினார்.

பஸ்காலும் பெர்மாவும் ஆராய்ந்த பங்கீட்டுப் பிரச்சினைக்கு இப்போது வருவோம். வில்லைகள் இரட்டித்தால் அவற்றின் பணப்பெறுமதியும் என்றும் இரட்டிக்குமா? 2023 ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். 10,043 பேரின் நுழைவுத்தொகையிலிருந்து ஆளுக்கு 9,300 டொலர் பரிசுக்குச் சென்றது. அதாவது தொடக்கத்தில் 60,000 வில்லைகளின் பங்கு 9,300 டொலர். இறுதியில் வில்லைகள் அனைத்தும் ஒருவரிடம் சேர்ந்தன. அவர் பெற்ற முதற்பரிசு ஒரு கோடியே 21 இலட்சம் டொலர். இதனை 10,043 ஆல் வகுத்தால், வென்றவர் கையில் அதே 60,000 வில்லைகளின் பெறுமதி ஏறத்தாழ 1,205 டொலர் மட்டுமே! எஞ்சிய பரிசுத்தொகை அவருக்கு முன்னர் வெளியேறிய 1,506 பேருக்குப் பகிரப்பட்டது. வில்லைகள் சேரச்சேர அவற்றின் மதிப்புத் தேய்கின்றது. கடைசி வில்லையின் மதிப்போ என்றும் குறைவதில்லை, ஏனெனில் அதனை இழந்தவன் அனைத்தையும் இழக்கின்றான். போட்டியின் தொடக்கத்தில் இத்தேய்வு மிகச் சிறிது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். முதல் மணியில் 60,000 ஐ 1,20,000 ஆக்கியவன் ஏறத்தாழ இருமடங்கு பயனையே அடைகின்றான். ஆகவே தொடக்கத்தில் அடக்கமாக ஆடுவதற்குரிய காரணம், வில்லையின் மதிப்புத் தேய்வதன்று. ஆழமான கையிருப்பு உள்ள வேளையில், உள்ளதனைத்தும் நடுவே சென்று சேரும் ஆட்டங்களில் ஒரு சோடி வெல்வது அரிது, இதுவே காரணம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர்.

இன்னொரு கணக்கும் உண்டு. நுழைவுத்தொகை 10,000, பரிசுக்குச் சென்றது 9,300. முதற் சீட்டு கைக்கு வருமுன்னரே ஒவ்வொருவரும் நூற்றுக்கு 7 இழந்துவிட்டனர். 10,043 பேருள் பரிசு பெற்றவர் 1,507. எஞ்சிய 8,536 பேரும் வெறுங்கையோடு வீடு திரும்பினர். திரையில் தோன்றுவது வென்றவரின் புன்னகை மட்டுமே. அந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரின் முகங்களைக் காட்டும் திரை இல்லை. அவர்களுள் இரண்டு ஏஸ் வாய்த்தவர்களும் பலராய் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. மறுபுறம், 1976 இலும் 1977 இலும் பிரதான போட்டியை வென்ற டொயில் புரன்சன் இரு முறையும் இறுதி ஆட்டத்தில் வைத்திருந்தது ஒரு பத்தும் ஓர் இரண்டும்! அந்த அற்பச் சீட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. இதனைக் கேட்டு, பத்தும் இரண்டும் நல்ல சீட்டென்று எவரும் மயங்க வேண்டாம். பலகை திறந்தபின் எது சிறந்ததோ அதுவே வெல்லும் என்பதுதான் இதன் பொருள்.

இனி, கேள்வி விடுத்த மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. பணமோ பந்தயமோ வேண்டாம். வீட்டிலுள்ள ஒரு கட்டுச் சீட்டை எடுங்கள். இரண்டு ஏஸைத் தனியே பிரித்து உங்கள் முன் வையுங்கள். எஞ்சிய 50 சீட்டுகளை நன்கு கலைத்து, எட்டுப் பேருக்கு இரண்டிரண்டாகப் போடுங்கள். ஆள் போதாவிடின் கைகளை மேசையில் வரிசையாக வைத்தாற் போதும். பின்னர் ஐந்து பொதுச் சீட்டுகளைத் திறந்து, எவர் கை வென்றது எனக் குறித்துக்கொள்ளுங்கள். எவரும் இடையில் விலகலாகாது. இவ்வாறு ஐம்பது முறை செய்யுங்கள். ஏஸ் வென்ற ஆட்டங்கள் 17 ஐ அண்டி வருதல் வேண்டும். சற்றுக் கூடியும் குறைந்தும் வரலாம். அடுத்து, ஒரே ஓர் எதிரிக்கு மட்டும் சீட்டுப் போட்டு மீண்டும் ஐம்பது முறை செய்தால் 42 அல்லது 43 ஐ அண்டி வரும். கணக்கை நேரில் வைத்திருப்பதற்கு ஒரு புளியங்கொட்டைக் குவியலே போதும். வென்ற கைக்கு ஒரு கொட்டை. தம்பி தங்கையரும் சேர்ந்துகொள்ளலாம். கூட்டற் கணக்கு அவர்களுடையதாக இருக்கட்டும்.

பெற்ற எண்ணிக்கைகளை எமக்கு எழுதியனுப்பும் மாணவர்களின் முடிவுகளை ஒன்றுசேர்த்து, பரிசோதனை பெருகப்பெருக எண்கள் எவ்வாறு கணித்த அளவை நெருங்குகின்றன என்பதனைப் பின்னொரு வாரத்தில் இப்பகுதியில் வரைபடமாகத் தருவோம்.